வீட்டில் பவளத் தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடல்நீர்த் தொட்டியில் பவளமும் மீனும் வளர்க்க நினைப்பவர்களும், ஆரம்பித்துவிட்டுக் குழம்பி நிற்பவர்களும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் இவை. பெரும்பாலான பதில்கள் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: தண்ணீர் நேற்று இருந்தபடியே இன்றும் இருக்க வேண்டும். விலை உயர்ந்த விளக்கு, ஆடம்பரமான பம்ப் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பவளம் என்பது செடியா, கல்லா, பிராணியா?

பிராணி. ஜெல்லி மீனுக்கும் கடல் அனிமோனுக்கும் சொந்தக்காரப் பிராணி. நாம் பார்ப்பது பெரும்பாலும் ஒரு கூட்டம். அதில் ஒவ்வொரு சின்ன வாயும் அதைச் சுற்றியுள்ள கொடுக்குகளும் சேர்ந்தது ஒரு பாலிப். கல் பவளங்கள் தண்ணீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தமக்கு அடியில் சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டிக்கொண்டே போகும். மென் பவளங்களுக்கு அப்படிக் கெட்டியான கூடு கிடையாது.

பவளத்தின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளியில் சர்க்கரை தயாரித்து, அதில் பெரும் பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. தண்ணீர் சூடானாலோ வேறு பெரிய அதிர்ச்சி வந்தாலோ பவளம் இந்தப் பாசியை இழந்து வெளுத்துப் போகும். வெளுத்த பவளம் உடனே செத்துவிடுவதில்லை, ஆனால் பட்டினி கிடக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் ஒளி, சூடு, உணவு பற்றிய மற்ற பதில்கள் எளிதாகப் பிடிபடும்.

சின்னத் தொட்டியில் ஆரம்பிப்பது சுலபம்தானே?

இல்லை, கடினம். தண்ணீர் குறைவாக இருந்தால் எல்லாமே வேகமாக மாறும். ஒரு மீன் செத்து மறைவில் கிடந்தால் 30 லிட்டர் தொட்டி ஒரே இரவில் கெட்டுவிடும்; 200 லிட்டர் தொட்டி தாங்கிக்கொள்ளும். முதல் தொட்டிக்கு 150 முதல் 250 லிட்டர் வரை நல்ல அளவு. பராமரிக்க முடிகிற அளவில் இருக்கும், தவறையும் பொறுத்துக்கொள்ளும்.

எடையையும் யோசியுங்கள். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 200 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 200 கிலோவைத் தாண்டும். கண்ணாடி, பாறை, மணல், ஸ்டாண்ட் எல்லாம் அதற்கு மேல். தரையும் ஸ்டாண்டும் மட்டமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜன்னல் வெயில் நேராக விழுகிற இடம் வேண்டாம்.

குழாய்த் தண்ணீரில் உப்பைக் கலந்தால் போதாதா?

போதாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் அல்லது குளோரமின் இருக்கலாம். நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், செம்பு எதுவும் இருக்கலாம். செம்பு மிகச் சிறிய அளவிலேயே நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம். ஆர்.ஓ. வடிகட்டியோடு, அது விட்ட மிச்ச அயனிகளையும் பிடிக்கிற டி.ஐ. பிசின் குழலும் சேர்த்து, கரைந்த பொருள்களை அளக்கிற டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டுகிற தண்ணீர்தான் வேண்டும். வீட்டில் குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீர் பெரும்பாலும் 0 காட்டாது. பாசித் தொல்லை தீரவே இல்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த டி.டி.எஸ். எண்ணைத்தான்.

உப்பு எவ்வளவு கலக்க வேண்டும்?

ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி சுமார் 1.026. ரீஃப் தொட்டிக்கென்றே, அதாவது பவளத் தொட்டிக்கென்றே விற்கிற உப்புக் கலவையைத்தான் பயன்படுத்த வேண்டும். சமையல் உப்பில் கால்சியமும் மக்னீசியமும் தேவையான அளவில் இல்லை. லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் வரை பிடிக்கும், கலவைக்குக் கலவை மாறும். எப்போதும் தண்ணீரில் உப்பைப் போடுங்கள். உப்பைப் போட்டு அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்து வீணாகும்.

அளப்பதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது. அதை 35 பங்கு அளவுத் திரவத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் பூஜ்யம் காட்டுகிற கருவி 35-இல் பிழையாகக் காட்டலாம்.

தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. எனவே நல்ல ஆர்.ஓ.-டி.ஐ. தண்ணீரைத்தான் ஈடு செய்ய வேண்டும். 200 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு 2 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நாள் கவனிக்காமல் விட்டால் 35 பங்கு உப்பு கிட்டத்தட்ட 37-க்கு ஏறியிருக்கும். ஆறாம் நாள் ஞாபகம் வந்து 10 லிட்டரை மொத்தமாக ஊற்றினால் மறுபடி சடாரென்று 35-க்கு இறங்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் பவளத்தைச் சுருக்குகிறது.

தானாக நீர் நிரப்பும் கருவி ஒன்று வாங்குங்கள். மிதவையோ சென்சாரோ நீர்மட்டத்தைப் பார்த்துச் சின்னச் சின்ன அளவாக நிரப்பிக்கொண்டே இருக்கும். புதிதாக ஆரம்பிப்பவர் பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், விளக்குக்கு முன்னால் இதைச் சொல்வேன். ஒரே எச்சரிக்கை: அந்த நீர் வாளி சிறியதாக இருக்கட்டும். சென்சார் பழுதாகி வாளி முழுவதும் கொட்டினாலும் தொட்டி தாங்க வேண்டும்.

எல்லாம் தயார். நாளைக்கே மீன் விடலாமா?

பொறுங்கள். மீனின் கழிவும் மிஞ்சிய தீவனமும் அமோனியாவாக மாறும். ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இவை பாறையிலும் மணலிலும் குடியேற வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புட்டி பாக்டீரியா சேர்த்தால் வேகம் கூடும், ஆனால் புட்டியை ஊற்றிய மறுநாளே மீன் விடலாம் என்பதை நம்பி இறங்க வேண்டாம்.

மீனில்லாமலே இதைச் செய்யலாம். அமோனியம் குளோரைடு கரைசலை அளந்து விட்டு, தொட்டியில் அமோனியா 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரை வரட்டும். தினமும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அப்படி விட்ட அமோனியா 24 மணி நேரத்துக்குள் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் இறங்கி, நைட்ரேட் ஏறியிருந்தால் தொட்டி தயார். ஒரு பெரிய நீர்மாற்றம் செய்துவிட்டு ஓரிரு சின்ன மீன்களோடு ஆரம்பியுங்கள். பத்து மீனை ஒரே நாளில் விட்டால் பாக்டீரியா ஈடுகொடுக்காது.

தொட்டி முழுக்கப் பழுப்பாகிவிட்டது. எல்லாம் போச்சா?

ஒன்றும் போகவில்லை. முதலில் வருகிற பழுப்புத் தூசி டயட்டம் என்ற நுண்பாசி. சிலிக்கேட் தீர்ந்ததும் பெரும்பாலும் தானே போய்விடும். அடுத்துப் பச்சை மயிர்ப்பாசி, சில தொட்டிகளில் சிவப்புப் போர்வை போன்ற சயனோபாக்டீரியா. முதல் ஆறேழு மாதத்துக்கு ஒன்று போக ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். ட்ரோகஸ், டர்போ நத்தைகள், ஹெர்மிட் நண்டுகள் கொஞ்சம் விடுங்கள். கையால் பிடுங்குங்கள், மணலை உறிஞ்சுங்கள், தீவனத்தைக் குறையுங்கள்.

இந்தக் கட்டத்தில் பலர் வாரத்துக்கு ஒரு மருந்து ஊற்றுகிறார்கள். ஒன்றை அடக்கப் போய் இன்னொன்றுக்கு இடம் விடுவதுதான் நடக்கிறது. பாறைமேல் ஊதா, இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிய ஆரம்பித்தால் மகிழ்ச்சிப்படுங்கள்; அது கோரலைன் பாசி, பவளம் விரும்புகிற தண்ணீர் உருவாகிறது என்பதன் அடையாளம்.

சம்ப்பும் ஸ்கிம்மரும் அவசியமா?

சிறிய மென்பவளத் தொட்டிக்கு இரண்டும் இல்லாமலே சமாளிக்கலாம், வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினால். மற்றவர்களுக்கு நான் இரண்டையும் சொல்வேன். சம்ப் என்பது கீழே மறைவாக இருக்கிற இரண்டாவது தொட்டி: ஹீட்டர், ஸ்கிம்மர், தண்ணீரைச் சுத்தமாக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் எல்லாம் அங்கே போய்விடும், மொத்தத் தண்ணீரும் கூடும். ஸ்கிம்மர் நுண்குமிழிகளால் கரிமக் கழிவை அழுகும் முன்பே பிடித்து, கோப்பையில் கரும்பழுப்பாகக் கக்கும். கூடவே தண்ணீருக்கு ஆக்சிஜனும் ஏற்றுகிறது. அந்தக் கோப்பையைத் திறந்து ஒரு தடவை முகர்ந்து பார்த்தவர்களுக்கு அதன் உபயோகத்தை விளக்கவே வேண்டாம்.

எத்தனை வாட் விளக்கு வாங்க வேண்டும்?

வாட் கணக்கு இங்கே உதவாது. பவளம் இருக்கிற இடத்தில் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதுதான் கேள்வி. அதை பார் (PAR, பாசி பயன்படுத்தக்கூடிய ஒளியின் அளவு) மீட்டரில் அளப்பார்கள். மென் பவளங்களுக்கும் காளான் பவளங்களுக்கும் 50 முதல் 150 வரை, டார்ச், ஹேமர் போன்ற பெரிய பாலிப் கல் பவளங்களுக்குச் சுமார் 80 முதல் 150, அக்ரோபோரா போன்ற சின்னப் பாலிப் வகைகளுக்கு 200 முதல் 350 என்று ஒரு குத்துமதிப்பு வைத்துக்கொள்ளலாம். நீல ஒளி அதிகமுள்ள எல்.இ.டி., ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம், டைமரில்.

ஒளி குறைந்தால் பவளம் பழுப்பேறி மெல்ல நலியும், திருத்த அவகாசம் கிடைக்கும். ஒளி அதிகமானால் சில நாளிலேயே வெளுத்துவிடும். புது விளக்கைப் பாதிக்கும் கீழான திறனில் ஆரம்பித்து சில வாரங்களில் ஏற்றுங்கள். புதுப் பவளத்தையும் முதலில் கீழே வைத்துப் பிறகு மேலே கொண்டு வாருங்கள்.

நீரோட்டம்?

ஒரே திசையில் பீய்ச்சி அடிக்கிற ஓட்டம் வேண்டாம்; திசை மாறி மாறி அலைகிற ஓட்டம் வேண்டும். டார்ச் பவளத்தின் கொடுக்குகள் மெதுவாக ஆடினால் சரி. ஒரே பக்கம் சாய்ந்து கூட்டோடு ஒட்டிக் கிடந்தால் சதை கிழியும்.

முதலில் எந்தப் பவளம்?

காளான் பவளம், தோல் பவளம், கெனியா மரம், ஜோவான்திட். இவை கொஞ்சம் அழுக்குத் தண்ணீரைப் பொறுக்கும், எண்கள் தள்ளாடினாலும் பிழைக்கும். பச்சை நட்சத்திரப் பவளமும் அப்படித்தான், ஆனால் அதைத் தனிக் கல்லில் வையுங்கள். பிரதான பாறையில் ஏறிவிட்டால் பிடுங்கவே முடியாது. இவை நான்கைந்து மாதம் நன்றாக விரிந்து வளர்ந்தால் டங்கன், டார்ச் வகைக்குப் போகலாம். அக்ரோபோராவுக்கு ஒரு வருடமாவது பொறுங்கள். கடையில் நிறத்தைப் பார்த்து மயங்கி முதல் மாதத்திலேயே அக்ரோபோரா வாங்கி, நுனியிலிருந்தோ அடியிலிருந்தோ சதை உரிந்து வெள்ளை எலும்புக்கூடாக நிற்பதைப் பார்க்கிறவர்கள் மிக அதிகம். அது ஒரு உயிர் என்பதால் எனக்கு இதில் வருத்தம் உண்டு.

கேஹெச், கால்சியம், மக்னீசியம் என்று எல்லோரும் பேசுகிறார்களே, எதைப் பார்ப்பது?

மூன்றையும் பாருங்கள், ஆனால் ஒன்றைத்தான் பார்க்க நேரமிருக்கிறது என்றால் கேஹெச். அது தண்ணீரின் காரத்தன்மை, பவளம் கூடு கட்ட எடுக்கிற கார்பனேட்டின் அளவுகோல். இயற்கைக் கடலில் சுமார் 7. தொட்டியில் 7 முதல் 10-க்குள் எந்த எண்ணும் சரிதான். கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம்., மக்னீசியம் 1280 முதல் 1350. பவளம் 20 பி.பி.எம். கால்சியம் எடுக்கும்போது கேஹெச்சில் கிட்டத்தட்ட 2.8 குறையும். அதனால் கால்சியம் மெதுவாகவும் கேஹெச் வேகமாகவும் இறங்குவது போலத் தெரியும். சிக்கலை முதலில் காட்டிக்கொடுப்பது கேஹெச்சாக இருப்பதற்கு அதுவே காரணம்.

டெஸ்ட் செய்வது எளிது. சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை அளந்து எடுத்து நிறமூட்டியைச் சேர்த்து, துளித்துளியாக விட்டு ஆட்டிக்கொண்டே வர வேண்டும். நீலமாக இருந்த நீர் ஒரு துளியில் சட்டென்று நிறம் மாறும். கிட்டைப் பொறுத்து மஞ்சளோ ஆரஞ்சோ. அந்தத் துளி வரைக்கும் எத்தனை விட்டீர்கள் என்பதுதான் விடை. வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக்கொண்டு, எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் செய்யுங்கள். காலையில் ஒரு நாள், இரவில் ஒரு நாள் என்று எடுத்த எண்களை ஒப்பிட முடியாது.

இப்படிச் சில நாள் எதுவும் சேர்க்காமல் அளந்தால் உங்கள் தொட்டி ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறது என்று தெரியும். செவ்வாய் 8.4, வெள்ளி 7.8 என்றால் மூன்று நாளில் 0.6, நாளுக்கு 0.2. அந்த 0.2-ஐ மட்டும் தினமும் ஈடு செய்யுங்கள். பவளம் குறைவாக இருந்தால் வாராந்தர நீர்மாற்றமே போதும். கூடினால் கால்சியத்துக்கு ஒன்று, கேஹெச்சுக்கு ஒன்று என்று இரண்டு புட்டிக் கரைசல். டோசிங் பம்ப் இருந்தால் நாள் முழுக்கச் சின்ன அளவாகப் பிரித்து விடும். சுண்ணாம்பு நீர், அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு கரைசல், நல்ல வழி. ஈடு செய்கிற தண்ணீரிலேயே கலந்து சொட்டு சொட்டாக விடலாம். அதன் பி.ஹெச். 12-ஐத் தாண்டும், மொத்தமாகக் கொட்டினால் தொட்டியே காலி.

கேஹெச் 6-க்கு இறங்கிவிட்டது என்று தெரிந்தால் பதறி ஒரே மணி நேரத்தில் 9-க்கு ஏற்றாதீர்கள். நாளுக்கு 1-க்கு மேல் ஏற்றக் கூடாது. 7.2-இல் அசையாமல் நிற்கிற தொட்டி, 8-க்கும் 10-க்கும் இடையே ஆடுகிற தொட்டியைவிட நன்றாக வளரும். அடுத்தவர் தொட்டியின் எண்ணைத் துரத்த வேண்டாம்.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருப்பதுதானே நல்லது?

இரண்டும் பூஜ்யமானால் பவளமும் பட்டினி. நிறம் மங்கும், அதைவிடக் கெட்டது, குமிழி கோத்த பழுப்புச் சளி போன்ற டைனோபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதை விரட்டுவது மாதக்கணக்கு வேலை. நைட்ரேட் 2 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருக்கட்டும். பாஸ்பேட் உறிஞ்சியைப் போட்டுக்கொண்டே இருக்காமல், அளந்து பார்த்து, தேவைப்பட்டால் கொஞ்சமாகப் போடுங்கள்.

எந்த மீன்கள் பொருந்தும்?

ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் ஜோடி, பாங்காய் கார்டினல், ராயல் கிராமா, ஃபயர்ஃபிஷ், சின்ன கோபி வகைகள். ஃபயர்ஃபிஷ் குதிக்கும், மூடி வலை கட்டாயம். கோமாளிகளில் எல்லாக் குஞ்சும் ஆணாகவே பிறக்கும். ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். இரண்டு குட்டிகளைச் சேர்த்து வாங்கினால் அவையே தீர்த்துக்கொள்ளும். பெரிய இரண்டைச் சேர்த்தால் சண்டைதான்.

பிரபலமான நீல டாங் வேண்டாம். கடையில் நாலு விரல் நீளம் இருக்கும் அது 30 சென்டிமீட்டர் வரை வளரும், நீந்த இடம் கேட்கும். 200 லிட்டரில் அதை வைப்பது கொடுமை. மாண்டரின் மீனும் முதல் வருடத்தில் வேண்டாம். பாறையில் ஊர்கிற கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலிகளைப் பகல் முழுக்கப் பொறுக்கித் தின்னும் மீன் அது. பழகாத தொட்டியில் மெலிந்து வயிறு ஒட்டிச் சாகும். பட்டாம்பூச்சி மீன்களும் பெரிய ஏஞ்சல்களும் பவளத்தையே கடிக்கும்.

கோமாளிக்கு அனிமோன் வேண்டாமா?

வேண்டாம். அனிமோன் இல்லாமலே நன்றாக வாழும், சில சமயம் தோல் பவளத்தைத் தத்தெடுத்துக்கொள்ளும். அனிமோன் நடக்கும், பம்ப்பில் சிக்கிக் கிழிந்தால் தொட்டியையே கெடுக்கும். தொட்டிக்கு ஒரு வயதான பிறகு பார்க்கலாம்.

மீன்மேல் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். என்ன செய்வது?

பெரும்பாலும் கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி; கடல் இக் என்று சொல்வது இதைத்தான். புள்ளிகள் சில நாளில் மறையும், அதை குணமாகிவிட்டது என்று நம்பக் கூடாது. மீனிலிருந்து உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டி, உள்ளே பெருகி, நூற்றுக்கணக்கில் வெளிவந்து மறுபடி மீனைத் தேடும். இரண்டாம் முறை வருகிற தாக்குதல்தான் செவுள்களை அடைத்துக் கொல்கிறது.

செம்பு மருந்து இதைக் கொல்லும், ஆனால் அதைப் பவளத் தொட்டியில் விடவே கூடாது. பவளம், நத்தை, இறால் எல்லாம் சாகும். பாறையிலும் செம்பு தங்கிவிடும். எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றி, அங்கே மருந்துக் குறிப்பில் சொன்ன அளவில், தினமும் செம்பு டெஸ்ட் பார்த்துச் சிகிச்சை செய்ய வேண்டும். பிரதான தொட்டியை மீனே இல்லாமல் விட வேண்டும். பொதுவாகச் சொல்லப்படுகிற காலம் 76 நாள். பூண்டு, புற ஊதா விளக்கு, சுத்தம் செய்யும் இறால் எதுவும் இதைத் தீர்க்காது. தூள் தூவியது போல மிக நுண்ணிய மங்கல் புள்ளிகளும் வேகமான மூச்சும் இருந்தால் வெல்வெட் நோயாக இருக்கலாம். அது ஓரிரு நாளில் கொல்லும், அன்றைக்கே மாற்றுங்கள்.

இவ்வளவு அவதிக்கும் மாற்று, புதிய மீன் ஒவ்வொன்றையும் நான்கைந்து வாரம் தனித் தொட்டியில் வைத்துக் கவனிப்பது. 40 லிட்டர் தொட்டி, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு, அவ்வளவுதான். இடமில்லை என்று இதைத் தவிர்க்கிறவர்களிடம் நான் கெஞ்சியே கேட்பேன்: முதல் மீன் வாங்குவதற்கு முன் இதை வாங்கி வைத்துவிடுங்கள்.

பையில் வந்த மீனை எப்படித் தொட்டிக்குப் பழக்குவது?

பையை மிதக்கவிட்டு வெப்பத்தை ஒப்பாக்குங்கள், கால் மணி நேரம் போதும். நெடுந்தூரம் வந்த பையைத் திறந்துவைத்து மணிக்கணக்கில் சொட்டுநீர் விட வேண்டாம். மூடிய பையில் கரியமில வாயு சேர்ந்து பி.ஹெச். இறங்கியிருக்கும், அதனால் அமோனியா விஷம் அடங்கியிருக்கும். திறந்ததும் பி.ஹெச். ஏறி அமோனியா விஷமாகும். தனித் தொட்டியின் உப்பைப் பையின் உப்புக்கு முன்கூட்டியே ஒப்பாக வைத்திருந்து நேராக மாற்றுவது மேல். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

புதுப் பவளத்தோடு பூச்சி வருமா?

வரும். தட்டைப்புழு, மான்டிபோரா பவளத்தைத் தின்னும் குட்டி நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை), அதன் முட்டை, ஐப்டேசியா என்ற சின்ன அனிமோன். பவளத்தை அது ஒட்டியிருக்கிற பிளக் என்ற சின்னத் தாங்கியிலிருந்து பிரித்து, தண்டின் அடியைப் பார்த்து, பவளக் குளியல் மருந்தில் நனைத்து, வேறு கிண்ணத்தில் அலசி வையுங்கள். குளியல் மருந்து முட்டையைக் கொல்வதில்லை; முட்டையைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஐப்டேசியாவை நசுக்காதீர்கள். கிழிந்த துண்டு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். தொடப் போனாலே பாறை இடுக்கில் சுருங்கிக்கொள்ளும் பிராணி அது. தீவனம் போட்டது போல ஊசியை மெதுவாக அதன் வாயருகே கொண்டுபோய், கெட்டியான சுண்ணாம்புக் கூழை ஒரு பொட்டு வையுங்கள். அது விழுங்கிச் சுருங்கும்போது மேலே இன்னும் கொஞ்சம் மூடுங்கள். அப்போது பம்ப்புகளை நிறுத்தியிருக்க வேண்டும்.

பவளங்களை நெருக்கமாக வைக்கலாமா?

இடைவெளி விடுங்கள். இரவில் விளக்கணைந்த பின் கைவிளக்கு அடித்துப் பாருங்கள்: பகலில் அடக்கமாக இருந்த கேலக்சியா என்ற கல் பவளம் கண்ணாடி நூல் போன்ற நீண்ட கொடுக்குகளை நீட்டி, ஒரு சாண் தள்ளியிருக்கிற பக்கத்துப் பவளத்தைத் தடவிக்கொண்டிருக்கும். தொட்ட இடம் காலையில் வெந்து கிடக்கும். மென் பவளங்கள் தொடாமலே, தண்ணீரில் ரசாயனத்தைக் கசியவிட்டுச் சண்டை போடும். கலப்புத் தொட்டியில் ஆக்டிவேட்டட் கார்பனை மாதம் தவறாமல் மாற்றுங்கள்.

தொட்டியில் கைவிடுவது ஆபத்தா?

சில விஷயங்களில் ஆம். பலிதோவா, ஜோவான்திட் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் இருக்கிறது. கடலில் கிடைக்கும் மிகக் கொடிய விஷங்களில் ஒன்று. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டுங்கள், கையில் காயத்தோடு தொடாதீர்கள். அவை ஒட்டிய பாறையைச் சுத்தம் செய்ய வெந்நீர் ஊற்றுவதோ கொதிக்க வைப்பதோ கூடவே கூடாது. ஆவியோடும் துளிகளோடும் விஷம் காற்றில் கலந்து, வீட்டிலிருந்தவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. கொதிநிலை அந்த விஷத்தை அழிக்காது.

கைக்காயம் வாரக்கணக்கில் ஆறாமல் முடிச்சாக வீங்கினால் மருத்துவரிடம் தொட்டி வைத்திருப்பதைச் சொல்லுங்கள். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற கிருமியாக இருக்கலாம். மின்சாரத்துக்கு: கசிவு மின் துண்டிப்பான் கட்டாயம். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும், வயரில் வழிகிற நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மின்சாரம் போனால்?

முதலில் தீர்வது ஆக்சிஜன். சூடு, ஒளி பற்றி அப்புறம் கவலைப்படலாம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைத் தொட்டி அருகிலேயே வையுங்கள். மின்சாரம் போனதும் தானே ஓட ஆரம்பிக்கிற வகை கிடைக்கிறது. தீவனம் போடாதீர்கள். இருட்டில் ஓரிரு நாள் இருந்தால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது. இன்னொன்று, பம்ப் நின்றதும் மேல் தொட்டியிலிருந்து எவ்வளவு நீர் சம்ப்புக்கு இறங்குகிறது என்பதை இன்றைக்கே ஸ்விட்சை அணைத்துச் சோதித்துவிடுங்கள்.

ஒரு வாரம் வெளியூர் போனால்?

பழகாத ஒருவரிடம் தீவன டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். நாளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்துவிட்டு, டப்பாவை ஒளித்து வையுங்கள். நன்றாகத் தின்று வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் தீவனமில்லாமல் இருக்கும். ஆனால் நீர் நிரப்பும் வாளி காலியாகக் கூடாது.

இயற்கைப் பவளத் திட்டுகளைக் கெடுத்துத்தானே இது நடக்கிறது?

நியாயமான கேள்வி. கல் பவளங்கள் எல்லாமே, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. நாடு கடந்து போக அனுமதிச் சீட்டு வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டம் அதைவிடக் கடுமையாக இருக்கலாம், வாங்கும் முன் பாருங்கள். மீன் பிடிக்க சயனைடு தெளிக்கிற வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. இந்தோனேசியாவின் பாங்காய் தீவுகளில் மட்டும் இயற்கையாக வாழ்ந்த பாங்காய் கார்டினல், தொட்டி வியாபாரத்துக்காகப் பிடிக்கப்பட்டே அழியும் நிலைக்கு வந்தது. அது தொட்டியில் எளிதாகக் குஞ்சு பொரிக்கும் மீன் என்பதுதான் இதில் வேதனை.

எனவே கோமாளி, பாங்காய் கார்டினல், டாட்டிபேக் வகைகளில் தொட்டியில் பிறந்ததை மட்டுமே வாங்குங்கள். பவளம் என்றால் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுகளை வாங்குங்கள். அவை தொட்டி ஒளிக்கும் தீவனத்துக்கும் பழகியவை, அதிகம் பிழைக்கும். உங்கள் தொட்டியில் வளர்ந்ததை வெட்டி அடுத்தவருக்குக் கொடுங்கள். கடலிலிருந்து ஒன்று குறைவாக எடுக்கப்படும்.

தொட்டியை மூடிவிடுகிறேன். மீனைக் கடலில் விடலாமா?

விடாதீர்கள், அருகிலேயே கடல் இருந்தாலும். இந்தோ-பசிபிக்கின் சிங்க மீன் 1985-இல் ஃப்ளோரிடா கரையோரம் முதலில் காணப்பட்டது; தொட்டிகளிலிருந்து விடப்பட்டதே காரணம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் முழுக்கப் பரவி அங்குள்ள குஞ்சு மீன்களைத் தின்று தீர்க்கிறது. கௌலெர்பா டாக்சிபோலியா என்ற தொட்டிப் பாசி 1984-இல் மொனாக்கோவின் கடல் அருங்காட்சியகத்துக்குக் கீழே ஒரு சின்னத் திட்டாகத் தென்பட்டது. பிறகு மத்தியதரைக் கடலின் கரையோரங்களில் ஆயிரக்கணக்கான ஹெக்டேருக்குப் பரவியது.

மீனையும் பவளத்தையும் வேறு வளர்ப்பாளருக்கோ வாங்கிக்கொள்ளும் கடைக்கோ கொடுங்கள். பாறையும் மணலும் அவர்களுக்கே பயன்படும். தொட்டித் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றுங்கள், மழைநீர் வடிகாலில் வேண்டாம். மிஞ்சிய பாசியைப் பையில் கட்டி ஃப்ரீசரில் உறைய வைத்து, பிறகு குப்பையில் போடுங்கள்.